முறிந்தது புரியன்று, நான் வைத்த ஒட்டு

உரும்பிராய்ப் பெருமக்களே, ஊர்க்கிணற்று நீரை நம்பி வாழும் உழவர்களே, செவிகொடுங்கள். செய்யாத பிழையொன்று இறந்துவிட்ட ஒருவன் பெயரில் ஏறிக் கிடக்கிறது. இம்மடலை அவனுக்கே எழுதுகிறேன். நீங்களும் கேட்கவேண்டுமென்றே உரத்து எழுதுகிறேன்.

நண்பா, இன்று காலை இரண்டாவது குழாய்க்கிணற்றடியில் ஒட்டுக்கம்பி கருகும் நெடி என்னை வழிமறித்தது. நீ திருகுபுரி வெட்டி வைத்துவிட்டுப் போன குழாய்களில் இரண்டை இணைத்து, இணைப்பைச் சுற்றி உருக்கி ஒட்டி, உள்ளே இறக்கியிருந்தார்கள். ஏன் ஒட்டுகிறீர்கள் என்று கேட்டேன். “அந்த அண்ணையின்ரை புரி முதல் கிணத்திலை விட்டிட்டுதெல்லே, ஐயா. வெல்டிங்கும் போட்டால் பயமில்லை” என்றான் வேலையாள். அவன் பழிக்கவில்லை, ஊர் சொன்னதைச் சொன்னான். அது பொய்யென்று அறிந்தவர்களுள் எஞ்சியிருப்பவன் நான் மட்டுமே.

வளைகுடாவின் எண்ணெய் வயல்களில் குழாய்களுக்குப் புரி வெட்டிய கைகள் உன்னுடையவை. திரும்பி வந்து கொக்குவிலில் கடைசற் பட்டறை போட்டாய். நம் முதல் கிணற்றுக்கென நீ கொழும்பில் தேடி எடுத்தவையும் எண்ணெய்க் கிணற்றுக்காகச் செய்த குழாய்களே. செந்தணலாகக் காய்ச்சி, சடுதியில் குளிர்த்து, மீண்டும் அளவாகச் சூடாக்கிப் பதமேற்றிய உருக்கு அது.

ஒவ்வோர் இணைப்பையும் துடைத்து, பசை பூசி, முதலில் வெறுங்கையால் திருகுவாய். கையால் எத்தனை சுற்றுப் போகிறதென்று எண்ணிய பின்னரே குழாய் முறுக்கும் சாவியைப் போடுவாய். உழவர் சங்கத் தலைவனாகிய எனக்குப் பொறுக்கவில்லை. “பொம்பிளைக்குக் காப்புப் போடுறமாதிரியெல்லே உவன் திருகுறான்” என்று கூட்டத்தின் நடுவே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துவிட்டு அந்த இணைப்பைக் கழற்றி மறுபடி முதலிலிருந்து திருகினாய்.

மறுநாள் நீ பட்டறைக்குப் போயிருந்த வேளை, ஒருவனை அழைத்து மேல் இணைப்பைச் சுற்றி உருக்கி ஒட்டச் செய்தேன். முழுச் சுமையும் தொங்குவது அதில்தானே, கூடுதல் வலு இருக்கட்டும் என்று நினைத்தேன். வந்து பார்த்தாய். தொட்டுப் பார்த்தாய். உன் முகம் மாறியது.

“புரி பிடிச்சுக்கொண்டுதான் இருக்கு. சூடு பட்ட இடத்திலை உருக்கின்ரை பதம் கெட்டுப்போச்சுது, மச்சான். கழட்டி வேறை குழாய் போடுவம்.”

நாளை திறப்புவிழா, பந்தலும் போட்டாயிற்று என்று மறுத்தேன். விழாவில் நீரைப் பற்றி நெடுநேரம் முழங்கினேன். நீ கடைசி வரிசையில் நின்று கேட்டாய்.

மூன்றாம் மாதம் குழாய் முறிந்து, நீரிறைக்கும் பொறியோடு கிணற்றுக்குள் விழுந்தது. எவரும் சொல்லாமலே நீ வந்தாய். விழுந்த குழாயைப் பற்றி இழுக்கப் புரியுள்ள கருவியொன்றைக் கடைந்தாய். அதைக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, மறுபடி சூட்டில் வைத்து, கத்தரிப்பூ நிறம் படரும்வரை கண்ணெடுக்காமல் இருந்தாய். நான்காம் நாள் குழாய் மேலே வந்தது. புரி அப்படியே இருந்தது. ஒட்டின் ஓரமாகத்தான் உருக்கு வெடித்திருந்தது.

எட்ட நின்றவர்களுக்கு அது தெரியவில்லை. “உவன்ரை புரிதான் விட்டிட்டுது” என்றார் ஒரு பெரியவர். நீ என்னைப் பார்த்தாய். மேடைதோறும் சொல்மழை பொழிந்தவன் அன்று தலைகுனிந்து நின்றேன். எவரும் கிட்ட வந்து பார்க்குமுன் முறிந்த துண்டைச் சாக்கில் சுற்றி நீ எடுத்துப் போனாய்.

பின்னர் பட்டறைக்கு வந்து, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். “இப்ப சொன்னால் உன்னைச் சங்கத்தாலை எடுத்துப்போடுவாங்கள். பிறகு ரெண்டாவது கிணத்துக்கு ஆர் அலையிறது? என்ரை பேரை விடு” என்றாய். அந்தச் சொல் எனக்கு வசதியாக இருந்தது. அதற்குள் ஒளிந்துகொண்டேன். கிணறு வந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். கிணறு வந்தது, அதற்கு முன்பே நுரையீரல் நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன் பெருந்தன்மையை எண்ணி அழும் தகுதியும் எனக்கில்லை. நான் சுமப்பது அந்த மௌனத்தை மட்டுமே.

ஊராரே, ஒட்டுவைக்கச் சொன்னவன் நான். அவன் வெட்டிய புரி எந்தக் கிணற்றிலும் விட்டதில்லை. சங்கக் குறிப்பேட்டில் என் பெயரை எழுதுங்கள். தலைமையை வேறொருவரிடம் கொடுங்கள். அதற்கு முன், இப்போதே, உள்ளே இறக்கிய இரண்டு குழாய்களையும் வெளியே எடுங்கள். ஒட்டுப் பட்டவற்றை ஒதுக்குங்கள். எஞ்சியவற்றைக் கையால் திருகத் தொடங்குங்கள்.