ஒரே நாற்காலி, ஒரே டாக்டர்

மேடம்,

போன வருடம் திருப்பதியில் ஒரு பெரிய பல் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். டோக்கன் கொடுத்து, கூடவே நிரப்பச் சொல்லி ஒரு படிவமும் கொடுத்தார்கள். அதில், உங்கள் வழக்கமான பல் டாக்டர் யார் என்று ஒரு கட்டம். யோசிக்காமல் உங்கள் பெயரை எழுதிவிட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண், இவங்க எங்க இருக்காங்க என்று கேட்டாள். இப்போது இல்லை என்றேன். சரி என்று சொல்லி உங்கள் பெயரின் மேல் ஒரு கோடு போட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் என்ன செய்வாள், பாவம்.

நான் உங்களிடம் விரும்பி வந்தவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அரக்கோணத்திலிருந்து ஸ்ரீசிட்டி கம்பெனி வேலைக்கு வந்து சத்தியவேட்டில் வீடு எடுத்த புதிது. கூட வேலை செய்கிறவர்கள் பல்லுக்கென்றால் சென்னைக்கு பஸ் ஏறுவார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மெடிக்கல் ஷாப்பை ஒட்டி உங்கள் கிளினிக். ஒரு ரூம், ஒரு நாற்காலி, நான்கு பேர் உட்கார ஒரு பெஞ்சு. ஷட்டரைத் தூக்குவது நீங்கள், கருவிகளைக் கழுவி அடுக்குவது நீங்கள், அட்டை எழுதுவதும் நீங்கள். கூட்டமே இல்லாதவர் என்ன டாக்டர் என்று நான் இழுத்தேன். என் மனைவிதான் முடிவு செய்தாள். "ஒத்த டாக்டருய்யா. தப்பா பண்ணா நாளைக்கே மார்க்கெட்ல நம்ம மூஞ்சிய பாக்கணும்ல, அந்த பயத்துலயே ஒழுங்கா பண்ணும்" என்றாள். அவள் காய்கறிக்காரரைத் தேர்ந்தெடுப்பதும் இதே கணக்கில்தான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னீர்கள். வலியே இல்லாமல் டாக்டரிடம் போவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அப்போது ஷிப்டில் தூக்கம் வராமலிருக்க வாயில் புகையிலை அடக்கும் பழக்கம் எனக்கு. உங்களுக்குத் தெரியக்கூடாதென்று, வருகிற அன்றைக்கு பஸ் ஸ்டாண்டு குழாயடியில் நின்று உப்பு போட்டு ஈறு ரத்தம் வரத் தேய்த்துவிட்டு, உத்தமன் மாதிரி வந்து வாயைத் திறப்பேன். நீங்கள் விளக்கை இழுத்து வைத்து ஒரு பார்வை பார்த்தீர்கள். "இன்னிக்கு தேச்சிகினு வந்தது தெரியுதுண்ணா. ஆறு மாசமா தேய்க்காததும் தெரியுது" என்றீர்கள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. ஆனாலும் அடுத்த தடவையும் தேய்த்துக்கொண்டுதான் வந்தேன்.

நான்காவது தடவையோ ஐந்தாவதோ, வலது கன்னத்தை உள்பக்கமாக விலக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டீர்கள். போய் என் பழைய அட்டையை எடுத்துப் பார்த்தீர்கள். என் கையில் கண்ணாடியைக் கொடுத்து, நீங்களே பாருங்க என்றீர்கள். ஒரு பருப்பு அளவுக்கு வெள்ளையாக இருந்தது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. நானாக இருந்தால் அதைப் பார்த்தே இருக்க மாட்டேன்.

"போன வாட்டி இது இல்லண்ணா. எனக்கு நல்லா தெரியும்."

திருப்பதிக்கு நீங்களே போன் செய்து, தெலுங்கில் விவரம் சொல்லி, மறுநாளே என்னை அனுப்பினீர்கள். பஸ் கிளம்புகிற வரைக்கும் "ஏம் காதுண்ணா, ஏம் காது" என்று சொல்லிக்கொண்டே நின்றீர்கள். ஒன்றும் ஆகாது என்று சொன்ன உங்கள் முகத்தில்தான் என்னைவிட அதிக பயம் இருந்தது. சின்னதாகச் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்று இல்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கும் என்றார்கள். அன்றோடு புகையிலையை விட்டேன். வெள்ளையும் மெல்ல மறைந்தது. திரும்பவும் வரலாம், பார்த்துக்கொண்டே இருக்கணும் என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். ஒவ்வொரு ஆறு மாதமும் முதலில் வலது கன்னத்தைத்தான் பார்ப்பீர்கள்.

இனி எழுதப்போவதை எழுதக் கை கூசுகிறது.

கடைசியாக நான் வந்த அன்று, வாய் கொப்பளிக்கக் குனிந்தபோது உங்கள் பாதங்களைப் பார்த்தேன். செருப்பு வார் சதைக்குள் பதிகிற அளவுக்கு வீங்கியிருந்தன. எனக்கு முன்னால் வந்தவரைப் பார்க்கும்போதே இரண்டு தடவை உட்கார்ந்து மூச்சு வாங்கினீர்கள். நாளெல்லாம் நிற்கிற வேலை, அதனால்தான் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன்.

அடுத்த தடவை வந்தபோது ஷட்டர் மூடியிருந்தது. இதயம் நின்றுவிட்டது என்று மெடிக்கல் ஷாப்காரர் சொன்னார். கால் வீங்கி மூன்று மாதமாகவே இருந்ததாம். ஒரு நாள் கிளினிக்கை மூடிவிட்டுப் போய் டாக்டரிடம் காட்டும்படி உங்களிடம் சொன்னாராம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் திரும்பிப் போக வேண்டியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்கிறேன் என்று தள்ளிக்கொண்டே போனீர்களாம். ஒரே டாக்டர் என்றால் இதுவும் சேர்த்துத்தான் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை மேடம். எங்கள் வாயில் ஒரு புள்ளி கூடினாலும் உங்களுக்குத் தெரியும். உங்களைப் பார்க்க ஆள் இல்லை. நான் பார்த்தேன், பார்த்தும் கேட்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

திருப்பதி மருத்துவமனையைக் குறை சொல்ல மாட்டேன். சுத்தம், நல்ல மெஷின்கள், மரியாதை. ஆனால் மூன்று தடவை போனேன், மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். மூன்று பேருக்கும் என் கன்னத்தின் கதையை முதலிலிருந்து சொன்னேன். போன வாட்டி இது இல்லை என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். வரதய்யபாளையத்தில் ஒரு பொண்ணு தனியா பல் கிளினிக் வச்சிருக்குதாம், போய்ப் பாரு என்றாள்.

போன வாரம் போனேன். அங்கேயும் ஒரே நாற்காலிதான். முப்பது வயது இருக்கும் அந்த டாக்டருக்கு. நான் சொன்னதை எல்லாம் அட்டையில் எழுதிக்கொண்டு, வலது கன்னத்தைப் பொறுமையாகப் பார்த்து, ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து வாங்க என்றார். நான் கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன்.

"நீங்க கடைசியா எப்ப மேடம் டாக்டர்கிட்ட காட்டினீங்க?"

சிரித்தார். நான் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்துவிட்டு யோசித்தார். "தெரியலைண்ணா, ரெண்டு வருஷம் இருக்கும்" என்றார்.

ஒரு நாள் ஷட்டரை மூடிவிட்டுப் போய்க் காட்டுங்கள், நாங்கள் திரும்பிப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது, அடுத்த தடவை வந்ததும் இதைத்தான் முதலில் கேட்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.