முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன்

அக். 5, ஞாயிறு
வெயில். மேகம் சும்மா பாவலா காட்டுகிறது. சரசு பழனியில், மகள் தேவி வீட்டில். வளைகாப்புக்குத் தேதி குறிக்க. புதன்தான் வருவாள். இதை விட்டால் நேரம் வாய்க்காது.

பதினான்கு பன்னீர் ரோஜா. எல்லாம் சரசுவின் செடி. தலைக்கும் சாமிக்கும் காம்பு எதற்கு என்று பூவைக் கழுத்தோடு கிள்ளுவாள். மிச்சக் குச்சி நுனியிலிருந்து கருகும். வாடின பூவையும் தொட விடமாட்டாள். செடி என்னைவிட உயரம். பூ, ஒரு நாளைக்கு நாலு.

அகரத்துப் பூக்காட்டுக்காரர் சொன்னபடி கவாத்து. முழங்கால் உயரம், கணுவுக்கு மேலே சாய்வெட்டு. வெட்டுவாயில் சாணி. காய்ந்த குச்சி மட்டும் மூன்று சாக்கு. கையெல்லாம் கீறல். பரம திருப்தி.

அக். 8, புதன்
காலையில் தூறல். சரசு வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அம்புட்டையும் மொட்டையடிச்சுட்டீகளே! கரண்டு கம்பிக்கு மரம் வெட்டுன கைய வீட்லயும் காட்டிட்டீகளா?"

முப்பது வருஷம் லைன்மேன் வேலை. கம்பியில் உரசும் கிளையை வெட்டி ஊரெல்லாம் ஏச்சு வாங்கியவன். இவள் வாயால் கேட்டது வலித்தது.

அதைவிடப் பெரிது: வளைகாப்பு நவ. 23. நம் வீட்டுப் பூவில் தன் கையாலேயே மாலை கட்டி வருவதாகச் சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

வெட்டியதிலிருந்து பூக்க 45 நாள். வெட்டிய நாளிலிருந்து வளைகாப்புக்கு 49. சொன்னேன். அதன்பின் அவள் பேச்சு சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதோடு சரி.

அக். 16, வியாழன்
துளிர்! செக்கச் செவேல் என்று. பதினொரு செடியில். மூன்று மட்டும் வாய் திறக்கவில்லை, சரசு மாதிரி. வேப்பம்புண்ணாக்கு வைத்தேன். அவள் டீ டம்ளரை வைத்த சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

நவ. 2, ஞாயிறு
விடாத மழை. வேரில் தண்ணீர் தேங்கி இரண்டு செடி அழுகல். மண்வெட்டியால் வடிகால். இடுப்பு போச்சு.

சரசு போனில், தங்கையிடம்: "பூ மார்க்கெட்ல ஒரு மாலைக்குச் சொல்லி வையிடி. இவுகள நம்பி ஏலாது."

கேட்காத மாதிரி இருந்தேன். பயமாகத்தான் இருக்கிறது.

நவ. 12, புதன்
மொட்டு!!! எண்ணினேன், 140. திரும்ப எண்ணினேன், 146. கொத்துக் கொத்தாய். சரசு சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பியதும் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். விசில் அடித்தேன், வேண்டுமென்றே.

நவ. 20, வியாழன்
முந்திக்கொண்டு விரிந்த பூ ஒன்று உதிர்ந்துவிட்டது. அந்தக் குச்சியை ஐந்து இலைக் கொத்து விட்ட கணு வரை இறக்கி வெட்டினேன். பின்னால் குரல்.

"அம்புட்டுக் கீழயா வெட்டணும்?"

செடியைப் பற்றி 43 நாளில் முதல் பேச்சு. "ஆமா. அங்க இருந்துதான் அடுத்த பூவு வரும்." "ம்" என்றாள். உள்ளே போய்த் தங்கைக்குப் போன் போட்டாள், மார்க்கெட் மாலை வேண்டாம் என்று.

நவ. 23, ஞாயிறு
பழனி. இரண்டு நாள் பறித்து ஈரத் துணியில் வைத்த பூ. இடையிடையே மரிக்கொழுந்து. மாலை தேவியின் இடுப்பு வரை இறங்கியது. மண்டபமே மணம். கண் கலங்கியது எனக்கு, வெட்கம் ஒன்றுமில்லை.

பந்தியில் சம்பந்தியம்மா: "ஏனுங்க சம்பந்தி, உங்கூட்டுச் செடியில இத்தன பூவுங்களா? எப்படிங்க?"

சரசு, என் பக்கம் திரும்பாமலே: "கவாத்து பண்ணணும் சம்பந்தி. முழங்கால் ஒசரத்துக்கு. வெட்டுங்கன்னு நாந்தான் ஒத்தக்கால்ல நின்னேன். இவுகளுக்கு மனசே வரல."

பச்சைப் பொய். என் வாய் நிறையப் புளியோதரை. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.