சுவரில் உன் கை எட்டிய உயரம்

அக்கா,

இன்று வெள்ளையடிக்க ஆள் வந்தார். அலமாரியை நகர்த்தியதும் பின்சுவரைப் பார்த்துக் கேட்டார்: "இன்னாம்மா இது, பசங்க உயரம் அளந்து வெச்சிகீறியா?" நம் இருவரைத் தவிர இந்த வீட்டில் யார் இருந்தார்கள்? அவை உன் வலது கை எட்டிய இடங்கள். பார்க்கச் சகிக்காமல் நானேதான் அலமாரியை வைத்து மறைத்திருந்தேன். "நாளைக்கு வாப்பா" என்று அவரை அனுப்பிவிட்டேன்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் உனக்கு மார்பில் ஆபரேஷன் செய்தார்கள். அதற்குப் பிறகு வலது கை தோளுக்கு மேலே போகவில்லை. இருபது வருஷம் மீன்கூடையைத் தூக்கித் தலையில் வைத்த கை. "கூடைய நானே தூக்கி வெச்சிக்கினா போதும்டி, நோவு அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்பாய். அதற்காகத்தான் சனிக்கிழமைதோறும் மாமல்லபுரத்தில் பஸ் பிடித்து, செங்கல்பட்டில் புற்றுநோய்க்காரர்களுக்கு நடந்த யோகா வகுப்புக்குப் போனோம்.

சீ, இதுவும் ஒரு யோகாவா என்று முதல் நாள் எனக்கு எரிச்சல். நாற்காலியில் உட்கார்ந்து தோளை உருட்டுவது, சுவரில் விரல்களை மெல்ல மேலே நடத்துவது, பிறகு பாயில் படுத்து மூச்சைக் கவனிப்பது. அவ்வளவுதான். டீச்சரம்மா இரண்டே சட்டம் வைத்திருந்தார்: "வலிச்சா அங்கயே நிறுத்திடணும். கூட வந்தவங்களும் பாய் போட்டுப் படுக்கணும்." நான் படுக்கவேயில்லை. "எனுக்கு இன்னா நோவு? நல்லாத்தானே கீறேன்" என்று சுவரோரம் நிற்பேன். நீ பாயில் பாதியை ஒதுக்கிவிட்டு, "கொஞ்ச நேரம் வந்து படுத்துக்கடி. உன் மூஞ்சியப் பார்த்தா எனுக்கு மூச்சே வர மாட்டேங்குது" என்று சிரிப்பாய்.

நான் தையல்காரி. அளக்காமல் எதையும் நம்பத் தெரியாது. வீட்டில் தினமும் உன்னைச் சுவரருகே நிறுத்தி, விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, டேப் வைத்துப் பார்த்தேன். "அளக்காதம்மா" என்று டீச்சரம்மா சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. கோடு ஏறினால் நோய் இறங்குகிறது என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. "இன்னும் கொஞ்சம்க்கா, ஒரு விரக்கட" என்பேன். நீயும் எட்டினாய். கோடு ஏறிய நாளில் குஷியில் பாயசம்கூட வைத்தேன்.

ஒரு நாள் உன் புடவைக் கரை தரையைவிட்டு இரண்டு விரற்கடை மேலே நின்றது. கரை ஏறினால் தையல்காரி கண்ணுக்குத் தப்புமா? நீ குதிகாலைத் தூக்கியிருந்தாய். உதட்டைக் கடித்துக்கொண்டு, எனக்காக. தெரிந்தும் கோடு போட்டேன் அக்கா. சண்டாளி நான். அந்தக் கோடு எனக்கு வேண்டியிருந்தது.

நோய் முதுகெலும்புக்குப் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன வாரத்தில்கூட ஒரு கோடு ஏறியது. அதுதான் கடைசி. கூடையை நீ மறுபடி தூக்கவேயில்லை. படுக்கையில் கிடந்தபோது ஒரு நாள், "எல்லாம் உன் மூஞ்சிக்காகத்தான்டி எட்டினேன், கால தூக்கிக்கினு" என்றாய். எனக்கு முன்பே தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமலே உன்னை அனுப்பிவிட்டேன்.

அந்த ஆள் போனதும் உன் பாயை விரித்து, முதல்முறையாகப் படுத்தேன், உனக்குப் பாதி இடம் விட்டு. என் மூச்சைக் கவனிக்க வரவில்லை. காது உன் மூச்சையே தேடுகிறது. கீழேயிருந்து பார்க்கும்போது அந்தக் கடைசிக் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது! நீ குதிகாலைத் தூக்கிய அன்றே, பென்சிலைக் கீழே போட்டுவிட்டுச் சொல்லியிருக்க வேண்டியது இத்தனை வருஷமாக என் தொண்டையிலேயே நிற்கிறது.

போதும்க்கா. கைய எறக்கு.