கம்பியிலிருந்து மேல்படி வரைக்கும்

ஜூன் 17, செவ்வாய்

சாரல். அஞ்சரைக்கு முழிச்சேன், கட்டிலை விட்டு எந்திரிக்க ஆறு ஆயிட்டு. வலது முட்டு துருப்பிடிச்ச கேட்டு மாதிரி. ஜன்னல் வரைக்கும் நாலு நடை நடந்த பெறவுதான் மடங்குச்சு. வீட்டுக்காரரு பாத்துக்கிட்டே இருந்தாரு. மிலிட்டரியில இருந்து வந்த மனுசன், எல்லாத்துக்கும் ஒரே வழிதான் அவருக்கு. "ஏட்டி, இன்ஸ்பெக்டர்ட்ட சொல்லிரு."

சொல்லணுமாம்! இந்த வருசம் ஏட்டுல இருந்து எஸ்.எஸ்.ஐ. ஆவுத பிரமோஷன் லிஸ்ட் வருது. இத்தனை வருசம் காக்கி போட்டுட்டு, இப்பம் போயி நானே அன்ஃபிட்னு சொல்லவா?

இன்னைல இருந்து சீசன் டியூட்டி. குற்றாலம், பெரிய அருவி, பொம்பளைங்க பக்கம். நானும் கான்ஸ்டபிள் மும்தாஜும். வேலை ஒண்ணுதான். தண்ணி கலர் மாறுனா வெள்ளம் வருதுன்னு அர்த்தம், உடனே விசிலடிச்சு எல்லாரையும் மேல ஏத்தணும். கடைசியா நாம ஏறணும்.

அருவிக்கு முன்னால இருக்க தடுப்புக் கம்பியில இருந்து மேல்படி வரைக்கும் ஏற எவ்வளவு நேரமாவுதுன்னு, யாருக்கும் தெரியாம மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு எண்ணிப் பாத்தேன். மும்தாஜ் 20. நான் 55.

பயமா இருக்கு.

ஜூன் 19, வியாழன்

காத்து. வெயில் எட்டிப் பாத்துட்டுப் போச்சு. பால் கார்டு வாங்கணும், மறந்துட்டேன்.

தென்காசிக்குப் போயி டாக்டரைப் பாத்தேன். போகும்போதே யூனிபார்மைக் கழட்டிட்டு சேலை மாத்திக்கிட்டேன். எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டுனாரு. எலும்புக்கு நடுவுல இருக்க மெத்தை தேஞ்சு போச்சாம். "அதுக்காவ அசையாம உக்காந்துராதீங்கம்மா, இன்னும் இறுகிரும். தொடைக்குப் பலம் குடுங்க."

- முட்டுக்கு அடியில துண்டைச் சுருட்டி வச்சு அமுக்கணும். பத்து தடவை, காலை மாலை.
- வெயிட் குறைக்கணும்.
- சம்மணம் கூடாது.
- படி ஏற நல்ல கால் முதல்ல. இறங்க வலிக்குத கால் முதல்ல.
- வழுக்குத இடத்துக்குப் போகவே கூடாது.

கடைசியைக் கேட்டு சிரிப்பு வந்துட்டு. ஊரு பூரா எண்ணெய் தேச்சிட்டு வந்து நிக்க கல்லுலதான் எனக்கு எட்டு மணி நேரம்.

"என்ன வேலை பாக்கீங்க?"

"ஆபீஸ்ல."

ஜூன் 21, சனி

கூட்டம் தாங்கல. காலையில இருந்து ஒரு மடக்கு தண்ணி குடிக்கல. குடிச்சா பாத்ரூம் போகணும். அங்கன இருக்கது எல்லாம் குத்தவச்சு உக்காருததுதான். நேத்து உக்காந்தவ எந்திரிக்க முடியாம, கதவைத் தட்டி மும்தாஜைக் கூப்பிட வேண்டியதாப் போச்சு. தலை சுத்துதுன்னு சமாளிச்சேன். நம்புனாளோ என்னமோ.

இன்னைக்கு எண்ணிக்கை 70.

மூணு மணிக்கு மலையில கருமேகம். தண்ணி வெள்ளையாத்தான் விழுது. ஆனா எனக்கு மேல ஏற எழுபது எண்ணுத நேரம் வேணுமே. ஊதிட்டேன். எல்லாரும் அலறியடிச்சு மேல ஓடுனாங்க. அரை மணி நேரம் நின்னோம். ஒண்ணும் வரல.

"இதுக்கா சோப்பு நுரையோட ஓடியாந்தோம்?"

"போலீஸ்காரி தூக்கத்துல ஊதிட்டா போல."

இன்ஸ்பெக்டர் தனியா கூப்பிட்டாரு. "ஏட்டம்மா, சும்மா சும்மா ஊதுனா நாளைக்கு எவளும் மதிக்க மாட்டா." நியாயந்தான். கலர் மாறுன மாதிரி இருந்துச்சு சார்னேன். வெள்ளம் வருமோ வராதோ, என் காலு வராதுன்னு எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வாய் வரல.

ஜூன் 22, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதிருதேன்.

நாலு மணி இருக்கும். தண்ணியில லேசா செம்மண். நேத்து வாங்கிக் கட்டிக்கிட்டது ஞாபகம் வந்துட்டு. இன்னுங் கொஞ்சம் பாப்போம்னு நின்னேன். பெறவு சுள்ளி, எலை, ஒரேயடியா காப்பிக் கலரு. ஊதுனேன். மும்தாஜ் முன்னால விரட்டிக்கிட்டுப் போறா, நான் பின்னால. எல்லாரும் ஏறிட்டாங்க. நான் மட்டும் கீழ இருந்து மூணாவது படியில. வலது காலு பூட்டிக்கிட்டு. மடங்கவும் மாட்டேங்கு, நீளவும் மாட்டேங்கு. தண்ணி ஷூவுக்கு மேல வந்துட்டு. செத்தேன்னுதான் நெனச்சேன்.

மேல இருந்து ஒருத்தி இறங்கி வந்தா. ஈர நைட்டி, தலையெல்லாம் எண்ணெய். என் பெல்ட்டைப் பிடிச்சா. "யக்கா, நிக்காதீங்க, உக்காருங்க! பின்னால பின்னால உக்காந்தே ஏறுங்க!"

யூனிபார்மோட, அத்தனை பேரு பாக்க, குண்டியால ஒவ்வொரு படியா ஏறுனேன். அவ இழுத்தா. மேல வந்து திரும்பிப் பாத்தா, நான் நின்ன படியைக் காணல.

பேரு கேட்டேன். செல்வி, சிவகிரியாம். நன்றி சொல்லக்கூட இல்ல, கூட்டத்துல போயிட்டா.

ஜூன் 23, திங்கள்

மழை விட்டுருக்கு. குளிக்கத் தடை. முட்டு வீங்கிக் கெடக்கு.

இன்ஸ்பெக்டர்ட்ட போனேன். எக்ஸ்ரே, பாத்ரூம், சனிக்கிழமை ஊதுனது, எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருசமா, சார்."

கத்துவாருன்னு பாத்தேன். கத்தல. "அந்தப் பொண்ணு ரெண்டு பிள்ளைகளை மேல நிப்பாட்டிட்டு இறங்கிருக்கா, தெரியுமா? சின்னதுக்கு மூணு வயசு. அம்மா அம்மான்னு அதுவும் இறங்கப் பாத்துருக்கு. மும்தாஜ்தான் இறுக்கிப் பிடிச்சிருக்கா."

எனக்குத் தெரியாது.

வேற டியூட்டி கேட்டு லெட்டர் எழுதச் சொன்னாரு. அங்கனயே உக்காந்து எழுதுனேன். காரணம்: முழங்கால் வலி. வாசிச்சுப் பாத்துட்டு அந்த வரியை அடிச்சுட்டு மாத்தி எழுதுனேன்.

காரணம்: என்னால் ஓட முடியாது.