அங்கேயும் பிள்ளைகள் இருந்தார்கள்

ஈப்போ,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பி எரிக்குக்கு,

அக்கா எல்ஸி எழுதுவது. நானும் அப்பாவும் ஏதோ இருக்கிறோம். உன் பெர்த்தில் இப்போது நல்ல குளிர் என்று செய்தியில் பார்த்தேன். சர்ச் என்ற சொல் வந்தாலே நீ போனை வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். பாதியில் மடித்து வைத்தாலும் பரவாயில்லை, பிறகு எடுத்துப் படி.

அப்பாவுக்கு முட்டிவலி கூடியிருக்கிறது. என் மகள் ஜூலியானா ஐந்தாம் படிவப் பரீட்சைக்குப் படிக்கிறாள், படிப்பதாகச் சொல்கிறாள்.

நாங்கள் போகும் சர்ச்சில் புது மண்டபம் கட்டினார்கள். நாம் சுங்காய் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது பூசை வைக்க வருவாரே, அந்த ஃபாதரின் பெயரை அதற்கு வைக்கப்போவதாகப் போன மாதம் அறிவிப்பு வாசித்தார்கள். அவர் இறந்து சில வருடம் ஆகிறது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அப்பா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் வெளியே போன பிறகும் அப்படியே நின்றார்.

மண்டபத்தைத் திறந்துவைக்க, ஓய்வுபெற்ற பழைய பிஷப் வந்தார். சின்ன வயதில் அந்த ஃபாதரால் உனக்கு நடந்ததை நீ சொன்னதும் அப்பா உன்னைக் கூட்டிக்கொண்டு போனது இவரிடம்தான். உன்னை வெளியே உட்காரவைத்துவிட்டு அப்பா மட்டும் உள்ளே போனார். திரும்பி வந்து, யாரிடமும் பேசாதே என்று மட்டும் உன்னிடம் சொன்னார். அப்பா உன்னை நம்பவில்லை என்று அன்றைக்கே நீ முடிவு செய்துவிட்டாய். உள்ளே நடந்தது எனக்கே இப்போதுதான் தெரியும். அந்த ஆளை இனிப் பிள்ளைகள் பக்கம் விடமாட்டேன் என்று பிஷப் கழுத்துச் சிலுவையைத் தொட்டுச் சொன்னாராம். வெளியே தெரிந்தால் பையனின் வாழ்க்கைதான் கெடும் என்றும் சொன்னாராம்.

திறப்பு விழாவில் தேநீர் கொடுக்கும்போது அப்பா அவர் முன்னால் போய் நின்றார். கத்தவில்லை.

"பிஷப், நான் பாஸ்கல். எம்மகன் எரிக்கோட உங்ககிட்ட வந்தேன். ஞாபகம் இருக்குங்களா?"

இருக்கிறது என்று தலையசைத்தார் அவர். பிறகு ஏன் அந்த ஃபாதரை வேறு ஊருக்கு மாற்றி அனுப்பினீர்கள் என்று அப்பா கேட்டார். அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தோம் என்றார் பிஷப்.

"அங்கயும் புள்ளைங்க இருந்தாங்கதானே, பிஷப்."

யாரோ வந்து பிஷப்பைக் கைபிடித்துக் காருக்கு அழைத்துப் போனார்கள். செத்தவரைப் பற்றி இப்போது எதற்கு என்று என்னோடு பாட்டுக்குழுவில் இருப்பவர்களே என் காதுபடப் பேசினார்கள்.

அப்பா பிஷப்பிடம் கேட்டதைக் கேள்விப்பட்டு மறுநாள் வீட்டுக்கு ஒரு பெண் வந்தார். பெயர் சரளா. அந்த ஃபாதரை மாற்றி அனுப்பிய ஊர்க்காரர். "எந்தம்பி ஜெயபாலனுந்தாங்க்கா பூசைக்கு ஒதவி செய்யப் போனான்," என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. ஜெயபாலன் பல வருடமாகத் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் இருக்கிறான். இப்போது அப்பா வாரம் தவறாமல் போய்ப் பார்க்கிறார். அவன் யாரோடும் பேசுவதில்லை. அப்பா சூடாக வாங்கிப்போகும் பீசாங் கோரெங் வாழைப்பழப் பொரியலை மட்டும் கையில் வாங்கிக்கொள்வான். உன் வயதுதான் எரிக்.

மண்டபத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். 'நிர்வாகக் காரணங்களால்' என்று அறிவிப்பு. அப்பா இப்போதைய பிஷப்பை நேரில் போய்ப் பார்த்தார், நானும் கூடப் போனேன். நடந்தது என்ன, மறைத்தது யார் என்று எல்லா சர்ச்சிலும் வாசிக்கச் சொன்னார் அப்பா. வக்கீலிடம் கேட்க வேண்டும், உங்கள் குடும்பத்துக்காக ஜெபிக்கிறேன் என்றார் பிஷப்.

"ஜெபம் நாங்க பண்ணிக்கிறோம். நீங்க உண்மையச் சொல்லுங்க," என்றார் அப்பா.

அங்கிருந்து நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போனோம். சரளாவையும் வரச் சொன்னோம். குற்றம் செய்தவர் இறந்துவிட்டார், தெரிந்தும் மறைத்தவர்களை விசாரிக்க வேண்டுமென்றால் பாதிக்கப்பட்டவர் வாக்குமூலம் வேண்டும் என்றார் அதிகாரி. ஜெயபாலனால் பேச முடியாது. வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். இல்லை என்றும் அவர் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. உன்னைக் கேட்காமல் உன் பெயரைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

வா என்று அவர் எழுதச் சொல்லவில்லை, தம்பி. நானும் எழுதவில்லை. நீ வாய் திறந்தாலும் திறக்காவிட்டாலும் இந்த வீட்டில் உனக்கு ஒன்றும் குறையாது.

கடிதத்தின் முடிவில் உங்கள் ஆசீர்வாதம் என்று எழுதட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வேணாம்மா. அவனுக்கு அந்த வார்த்த புடிக்காது. நேரத்துக்குச் சாப்புடச் சொல்லு. அப்பா அன்னிக்கே அவன நம்புனேன்னு எழுது."

என்றும் உன்
அக்கா எல்ஸி