கிளட்ச் மேல் ஒரு மரக்கட்டை

மார்ச் 4
அவன் மகன் போன் செய்தான். அப்பன் சேர்த்த பழைய கார்களை வைத்து மியூசியம் திறந்துவிட்டானாம். "அத்தை, ஒருதடவை வந்து பாருங்க." கூடப் பிறந்தவன் சாவுக்கே போகாதவள், அவன் சேர்த்த தகரத்தைப் பார்க்கவா போவேன்?

மார்ச் 5
போவேன். என் வண்டியைக் கேட்டு வாங்கப் போவேன்.
அந்தப் பச்சைக் கார் எங்கள் அப்பாவுடையது. யாரும் சொல்லித் தராமல் அதில்தான் ஓட்டப் பழகினேன். கால் எட்டவில்லை, கிளட்ச், பிரேக் இரண்டின் மேலும் மரக்கட்டை வைத்துக் கட்டினேன். அப்பா போனதும் கூடப் பிறந்தவன் சாவியை எடுத்துக்கொண்டான். "இது இனிமே ஓட்டுற வண்டி இல்லக்கா, பாதுகாக்குற வண்டி." அன்றோடு பேச்சு நின்றது. முதலில் நானா பேசுவேன்?

மார்ச் 8
போய் வந்தேன்.
எல்லாம் புதுசுபோல் பளபளக்கின்றன. அவன் இருந்தவரை, ஒரு திருகாணி மாறியிருந்தாலும் மெக்கானிக்கை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவானாம். கடைசியில் பச்சைக் கார். குனிந்து பார்த்தேன். என் கட்டைகள்! நான் சுற்றிய சைக்கிள் டியூப்கூட — இல்லை, டியூப் புதிது.
மெக்கானிக்கைக் கேட்டேன். "ரப்பர் இத்துப்போனா ஐயாவே மாத்துவாரும்மா. எங்களைத் தொட விடமாட்டார். அவருக்கு முழங்கால் ஸ்டியரிங்ல இடிக்கும், ஓட்டவே முடியாது. கழட்டிடலாமான்னு கேட்டா, 'ஓட்டுறவங்க வந்தா கால் எட்ட வேணாமா'ம்பார்."
அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. வாயில கொழுக்கட்டையாடா வச்சிருந்த? ஒரு போன் போட்டா தேஞ்சா போயிருப்ப?
அந்நேரம் பார்த்து அவன் மகன் வந்தான். "இதைப் போட்டிக்கு அனுப்பறோம் அத்தை. ஒரிஜினலா இருக்கணும். வெள்ளிக்கிழமை அந்தக் கட்டையக் கழட்டிடுவாங்க."
வண்டியைக் கேட்கப் போனவள் கேட்காமலே வந்துவிட்டேன்.

மார்ச் 11
வெள்ளிக்கிழமை என்றானே.

மார்ச் 13
திறந்ததும் போனேன். தடுப்புக் கயிற்றை விலக்கி, பச்சைக் காரில் ஏறி, கட்டைகள் மேல் காலை வைத்துக்கொண்டேன்.
"இறங்குங்க அத்தை, எல்லாரும் பாக்கறாங்க."
"பாக்கத்தானே மியூசியம்? டிக்கெட் வாங்கிட்டுத்தான் ஏறியிருக்கேன்."
ஸ்பானரோடு நின்ற மெக்கானிக் அவனிடம், "கட்டையைக் கழட்டலாம் சார். காலை எப்படிக் கழட்டறது?" என்றார்.
"அப்பாவே எந்திரிச்சு வந்து உக்காந்த மாதிரி இருக்கு," என்று அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.
கால் மரத்துப்போனது. இறங்கவில்லை.

மார்ச் 26
போட்டிக்கு வேறு கார் போயிற்று. வியாழன்தோறும் எல்லா எஞ்சினையும் கிளப்ப வேண்டும் என்பது அங்கே சட்டம். பச்சைக் காருக்கு நான் போகிறேன். மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.
இன்று முற்றத்தை ஒரு சுற்று வந்தேன். இரண்டாம் கியர் முரண்டு பிடிக்கிறது. கிளட்ச் கட்டையில் ரப்பர் விட்டிருந்தது, புதிதாகச் சுற்றினேன். தம்பி முடிச்சைக் கால் படாத பக்கமாகப் போட்டிருந்தான். நானும் அங்கேயே போட்டேன்.