பொன்னி போர்த்திய பட்டு

சின்ன காஞ்சிபுரம்
9-9-1969

அன்புள்ள மங்கை,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலம்தானே? கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவளுக்கு நாலு வரி எழுத உனக்கு நேரமில்லை. நீ நடத்தும் குழந்தைகள் ஆதரவுச் சங்கத்துக்கு நான் இங்கே தொண்டர் என்பதால் அதன் சுற்றறிக்கை மட்டும் தவறாமல் வருகிறது.

நீ கேட்ட படம் இத்துடன் இருக்கிறது. ஐயம்பேட்டை நெசவாளர் கண்ணாயிரத்தின் மகள் பொன்னி, ஐந்தாம் வகுப்பு. சங்கத்துக்குப் பணம் அனுப்பும் உங்கள் கனடா அம்மாள் இவளை ஏற்றுக்கொண்டால் படிப்பு தொடரும். இல்லையென்றால் அப்பாவோடு தறியில் உட்காரவேண்டியதுதான். புடவைக் கரைக்கு ஊடுநூல் சுற்றிய நாடாவைத் தள்ள ஒரு சின்னக் கை எப்போதும் தேவைப்படுகிறது.

போன மாதம் உங்கள் கமிட்டி அம்மாக்கள் வந்தார்களே, அடடா! காரை விட்டு இறங்கியதும் மூக்கில் கைக்குட்டை. குழந்தைகளுக்குப் பிஸ்கட்டை எட்ட நின்றே நீட்டினார்கள். கோயில் யானைக்குக்கூடக் கிட்டப் போய்த்தான் பழம் கொடுப்பார்கள்.

உன் மகளின் முகூர்த்தப் புடவை தறியிலிருந்து இறங்கிவிட்டது. மாம்பழ நிறம், அரக்குக் கரை. கடையிலிருந்து வாங்கி வைத்திருக்கிறேன்.

உன்,
வேணி

சென்னை
20-9-1969

அன்புள்ள வேணி,

உனக்குப் புத்தி கித்தி இருக்கிறதா? குழந்தை தோளில் சரிகைப் பட்டு! தலையில் எண்ணெய் வழிகிறது, சிரிப்பு வேறு. இதைப் பார்த்துக் கனடா அம்மாள் எதற்கடி பணம் அனுப்புவாள்? வயிற்றுக்கு இல்லையென்று கையேந்துகிற ஜனத்துக்குப் பட்டு எங்கிருந்து வந்தது? பிழைக்கத் தெரிந்தவர்கள், உன்னை நன்றாக ஏமாற்றுகிறார்கள்.

வேறு படம் எடு. பழைய பாவாடை போதும், கிழிந்திருந்தால் இன்னும் நல்லது. எண்ணெய் வேண்டாம். சிரிக்கவே கூடாது. மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு குழந்தையைச் சேர்த்துவிடுவோம்.

அன்புடன்,
மங்கை

சின்ன காஞ்சிபுரம்
24-9-1969

அன்புள்ள மங்கை,

உன் உத்தரவைச் சுமந்துகொண்டு போனேன். பொன்னியின் அம்மா ஜெயம்மாள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்து கேட்டாள்: "ஏம்மா, கண்ணாலம் காட்சின்னாதான் எங்களுக்குப் போட்டோ. கந்தலைக் கட்டிக்கினு நிக்கச் சொல்றியே, நீ பெத்த பொண்ணா இருந்தா நிக்க வைப்பியா? படிப்பு போனா போவுதும்மா." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டாய். அந்த வீட்டுத் தறியிலிருந்து வந்தது. சீமைக்குப் போகிற படமாயிற்றே என்று, கடைக்குக் கொண்டுபோகும் முன் ஜெயம்மாள் ஒரு நிமிஷம் மகள் தோளில் போர்த்தினாள். அது உன் மகளின் முகூர்த்தப் புடவையடி. கறுப்பு வெள்ளைப் படத்தில் உனக்கு அடையாளம் தெரியவில்லை.

அந்தப் படத்தையே கனடாவுக்கு அனுப்பு. கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்.

வேணி

சென்னை
1-10-1969

வேணி,

என் தலையில் இடி விழுந்தது. கண்டதுகள் போர்த்திய புடவையை என் பெண் மணையில் கட்டுவதா? கடையில் திருப்பிக் கொடுத்துவிடு. வேறு நெய்யச் சொல். யார் மேலும் படாததாக இருக்கவேண்டும்.

அந்தப் பெண்ணின் பெயரை எடுத்துவிட்டோம். கூரம் கிராமத்தில் ஒரு பையன் கிடைத்திருக்கிறான். படம் பிரமாதம், பார்த்தாலே அழுகை வருகிறது.

மங்கை

சின்ன காஞ்சிபுரம்
3-11-1969

சங்கச் செயலாளர் திருமதி மங்கையர்க்கரசி அவர்களுக்கு,

தொண்டர் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன். உங்கள் திட்டத்துக்குக் கந்தல் இருந்தால் போதும், குழந்தை எதற்கு?

நீங்கள் கேட்ட வேறு புடவை தறி ஏறிவிட்டது. கடைக்காரர் அதையும் கண்ணாயிரத்திடமே கொடுத்தார், அந்தக் கரை அவர் கைக்குத்தான் படியும். பொன்னி பள்ளியை விட்டுவிட்டாள். நேற்றுப் போயிருந்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளிக்கொண்டிருந்தாள். தலையில் எண்ணெய் இல்லை. சிரிக்கவும் இல்லை. நீங்கள் கேட்ட படம் அதுதான்.

புடவையை அவள் இந்த முறை போர்த்திக்கொள்ள மாட்டாள், பயப்படாதீர்கள். கரை முழுக்க அவள் கைதான் பட்டிருக்கும். தை மாதம் உங்கள் மகள் அதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்காரட்டும்.

இப்படிக்கு,
கிருஷ்ணவேணி